நேரு: நாட்டைக் கட்டியவர், எல்லையில் சறுக்கியவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை நினைவுகூரும் ஆகஸ்ட் 16 கீழூர் நினைவு நாள் நெருங்கினாலே எங்கள் புதுச்சேரி வாசகர் வட்டத்தில் பேச்சு நேருவில் போய் நிற்கும். ஒரு தரப்பு ஐஐடி, அணை, நெய்வேலி என்று அடுக்கும். இன்னொரு தரப்பு "சீனா" என்று ஒரே வார்த்தையில் அத்தனையையும் அடித்துவிடும். கூட்டத்திலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. வட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

உள்நாட்டுச் சாதனையையும் வெளியுறவுத் தோல்வியையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

வைக்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கக் கூடாது. சென்னையில் ஐஐடி வந்ததால் 1962 சீனப் போரில் ரெசாங் லாவில் செத்தவர்களின் கணக்கு தீர்ந்துவிடாது. ரெசாங் லாவைச் சொல்லி ஐஐடியை இடிக்கவும் முடியாது.

கூட்டிக் கழிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு தோல்வியையும் பார்த்து நான் மூன்று கேள்வி கேட்பேன். தெரிந்தே செய்தாரா? விலை கொடுத்தது யார்? தவறு வெளியே வந்து பேசப்பட வழி வைத்திருந்தாரா? நேருவுக்கு மூன்றிலும் வேறு வேறு பதில் வரும். அதனால்தான் சண்டை ஓய மாட்டேன் என்கிறது.

உள்நாட்டில் அவர் செய்ததில் எதை முதலில் வைப்பீர்கள்? அணைகளையா?

இல்லை, தேர்தலை.

1951–52 பொதுத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் சுமார் 17 கோடி பேர். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னம் ஒட்டினார்கள். பல ஊர்களில் பெண்கள் கணக்கெடுக்க வந்தவரிடம் பெயர் சொல்ல மறுத்து "இன்னாருடைய பெண்சாதி" என்றே எழுதச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. அப்படிப்பட்ட 28 லட்சம் பெயர்கள் பட்டியலிலிருந்து போயின. கொடுமைதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்கள் சொந்தப் பெயரோடு வந்தார்கள்.

இதில் அரசியல் சட்டம் எழுதிய அவைக்கும் அம்பேத்கருக்கும் சுகுமார் சென்னுக்கும் போக வேண்டிய புகழை நேருவுக்கு மாற்றி எழுதக் கூடாது. நேருவின் பங்கு என்னவென்றால், 489 இடத்தில் 364 இடம் கிடைத்த பிறகும் அந்த ஏற்பாட்டை அவர் உடைக்கவில்லை. அதே காலத்தில் விடுதலை பெற்ற நாடுகளில் எத்தனை தலைவர்கள் இரண்டாவது தேர்தலை ஒழுங்காக நடத்தினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கறை இல்லாமல் இல்லை. 1959 ஜூலையில் கேரளத்தில் தேர்தலில் ஜெயித்து வந்த ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசைக் கலைத்தது அவர் ஆட்சிதான்.

அப்போது புதுச்சேரி இந்தத் தேர்தலில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தோம். அந்தக் காலத் தேர்தல்கள் அடியாள் பலத்துக்குப் பேர்போனவை.

கடலூர் மாவட்டத்துக்காரன் நான். எனக்கு நேரு என்றால் நெய்வேலிதான். அது சரியா?

பாதி சரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது வந்த கறுப்புப் பொருளை விடாமல் ஆய்வுக்கு அனுப்பியதும், பின்னால் காமராசர் டெல்லியை விடாமல் நச்சரித்ததும் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் கோப்பிலேயே கிடந்திருக்கும். 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-ல் முதல் மின் அலகு ஓடத் தொடங்கியது.

அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் கட்டப்பட்டது என்பதுதான் நம் தலைப்புக்கு முக்கியம். சென்னை ஐஐடி மேற்கு ஜெர்மனியின் உதவியில் வந்தது. உருக்காலைகளில் பிலாய் சோவியத், ரூர்கேலா மேற்கு ஜெர்மனி, துர்காபூர் பிரிட்டன். பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு முகாமிடமும் ஒரே நேரத்தில் வாங்கிக் கட்ட முடிந்தது என்றால், அணிசேராக் கொள்கை இல்லாமல் அது நடந்திருக்காது. அப்புறம் நெய்வேலியை "உள்நாடு" என்ற பத்தியில் மட்டும் எப்படி எழுதுவது?

நிலம் கொடுத்த கிராமங்களின் கணக்கு தனி. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்க வேலைக்காக வளையமாதேவியில் கதிர் வந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு 1957 தொடக்க விழாப் படம் இனிக்காது. 2023-ஐ நேருவின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் "நாட்டுக்காக விட்டுக்கொடு" என்று ஊரைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் அவர் காலத்தில் ஊன்றியதுதான்.

இந்துச் சட்டங்கள்? பெண்களுக்கு அவர் செய்தது உண்மையில் பெரியதா?

பெரியதுதான். 1955 திருமணச் சட்டம் பலதார மணத்தை நிறுத்தி விவாகரத்தைக் கொடுத்தது. 1956 வாரிசுச் சட்டம் மகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு கொடுத்தது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமைக்குத் தமிழ்நாடு 1989 வரையிலும் நாடு 2005 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். 1963-ல் இந்தச் சட்டங்கள் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றிருந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

இட ஒதுக்கீட்டில் அவர் பங்கு என்ன?

சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாமல் போனது. பெரியார் தெருவில் இறங்கினார். அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்ந்தது. தமிழ்நாட்டின் ஒதுக்கீடு இன்றுவரை நிற்கும் அடித்தளங்களில் அது ஒன்று. அதே திருத்தத்தில்தான் பேச்சுரிமைக்குக் கூடுதல் கடிவாளமும் போட்டார். இரண்டும் ஒரே சட்ட மசோதா. பிடித்ததை மட்டும் பிய்த்து எடுக்க முடியாது.

சரி, சீனாவுக்கு வாருங்கள். என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் மேடைகளில் இது "முதுகில் குத்தினார்கள்" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

1950-ல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. நவம்பரில் பட்டேல் நேருவுக்கு நீண்ட எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். 1954 ஏப்ரலில் சீனாவோடு பஞ்சசீல ஒப்பந்தம். திபெத் சீனாவின் பகுதி என்று ஏற்றுக்கொண்டு, பிரிட்டிஷார் விட்டுப்போன தபால், தந்தி, காவல்படை உரிமைகளைக் கொடுத்துவிட்டோம். பதிலுக்கு எல்லை எது என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. நான் முதல் தவறாக எண்ணுவது இதைத்தான். கொடுத்தது தவறில்லை, வைத்துக்கொள்ளும் பலம் நம்மிடம் இல்லை. கேட்காமல் கொடுத்ததுதான் தவறு.

1957-ல் லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்தது. அரசுக்குத் தெரிந்தது. நாடாளுமன்றத்துக்கு அது 1959-ல்தான் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் தலாய் லாமா அடைக்கலம் வந்தார், ஆகஸ்டில் லோங்ஜு மோதல், அக்டோபரில் கொங்கா கணவாயில் நம் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு வருடம் மூடிவைத்த விஷயம் ஒரே நேரத்தில் வெடித்ததும் மக்கள் கொதித்தார்கள். அதன் பிறகு, 1960 ஏப்ரலில் சௌ என்லாய் டெல்லிக்கு வந்து கிழக்கை (இன்றைய அருணாசலம்) நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கை (அக்சாய் சின்) எங்களுக்கு விடுங்கள் என்ற பாவனையில் பேசியபோது, நேரு விரும்பியிருந்தாலும் இறங்கிவர இடம் இல்லை.

1961 நவம்பரில் முன்னேறிச் செல்லும் கொள்கை. பத்துப் பதினைந்து பேர் கொண்ட காவல் சாவடிகளைச் சீன நிலைகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் வைத்தார்கள். சாலை கிடையாது, சாப்பாடு விமானத்திலிருந்து போட வேண்டும், கையில் பழைய .303 துப்பாக்கி. சீனா சண்டைக்கு வராது என்ற ஒரே நம்பிக்கையில் நின்ற ஏற்பாடு அது. 1962 அக்டோபர் 12-ல் இலங்கைக்குக் கிளம்பும்போது, நம் மண்ணை மீட்க ராணுவத்துக்குச் சொல்லிவிட்டதாகப் பத்திரிகையாளர்களிடம் நேரு சொன்னார். எட்டு நாள் கழித்து சீனா தாக்கியது. நவம்பர் 18-ல் ரெசாங் லாவில் மேஜர் சைத்தான் சிங்கின் குமாவுன் கம்பெனி கிட்டத்தட்ட முழுவதும் மடிந்தது. 19-ல் அணிசேரா இயக்கத்தின் தலைமகன் அமெரிக்காவின் விமானப்படையைக் கேட்டு கென்னடிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதினார். 21-ல் சீனா தானாகவே சண்டையை நிறுத்தியது. அக்சாய் சின் பகுதியில் சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் இன்றும் அவர்கள் கையில்.

பழி கிருஷ்ண மேனனுக்கும் தளபதிகளுக்கும் போக வேண்டாமா?

போக வேண்டும். 1959-ல் பாதுகாப்பு அமைச்சர் மேனனோடு ஒத்துப்போகாமல் ராணுவத் தளபதி திம்மையா ராஜினாமா கொடுத்தார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்பப் பெறவைத்து, மேனனையும் அப்படியே வைத்துக்கொண்டது யார்? பதினேழு வருடமும் வெளியுறவுத் துறையைத் தன் கையிலேயே வைத்திருந்த பிரதமர், வெளியுறவில் வந்த தோல்வியை யாரிடம் தள்ளுவார்? முன்னே சொன்ன முதல் கேள்விக்கு என் பதில் இது: முழுக்கத் தெரிந்து செய்யவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தும் எச்சரித்தவர்களைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதுச்சேரியில் ஏன் இவருக்கு இவ்வளவு மரியாதை? கடற்கரையில் சிலை, ஊர் நடுவே நேரு வீதி?

நாம் அவருடைய வெளியுறவுக் கொள்கையில் பிறந்த ஊர், அதனால்.

பிரெஞ்சுக்காரர்களை ராணுவத்தை அனுப்பி விரட்ட அவர் மறுத்தார். சுங்க வளையம் போட்டார், பெர்மிட் முறை கொண்டுவந்தார், பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவும் தொழிலாளர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். 1954 மார்ச்சில் அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேரே கட்சி மாறி நெட்டப்பாக்கம் பக்கம் போனார். மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது, ஜூனில் மென்தேஸ்-பிரான்ஸ் என்பவர் அந்நாட்டுப் பிரதமரானார், காற்று மாறியது. அக்டோபர் 18-ல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது.

சட்டப்படி முடிய இன்னும் எட்டு வருடம். 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் நடக்கும்போது இன்னொரு நிலப்பரப்பை விட்டுக்கொடுக்க பிரெஞ்சு நாடாளுமன்றம் தயாராக இல்லை. 1962-ல் அல்ஜீரியா முடிந்தது, அந்த ஆகஸ்ட் 16-ல் நம் விஷயமும் முடிந்தது. பிரெஞ்சு மொழிக்கு இடம், விரும்பியவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, எல்லாம் அதில் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி குடும்பங்கள் உண்டு. அண்ணன் சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அவர் பேரன்கள் பாரீஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கேயே வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள். தம்பி வீட்டுப் பிள்ளைகள் வில்லியனூர் தொகுதியில் போடுகிறார்கள். பொங்கலுக்கு ஒரே பானை. ஒரு போர் இல்லாமல் இரண்டு நாட்டுக்குடிமக்கள் ஒரே கூடத்தில் உட்கார முடிவது வெளியுறவுக் கொள்கையின் வேலை.

அப்படியானால் பிரான்ஸிடம் ஜெயித்த பொறுமை சீனாவிடம் ஏன் தோற்றது?

1962-ல் புதுச்சேரி விஷயம் முடிந்த ஆகஸ்ட் 16-க்கும் சீனா தாக்கிய அக்டோபர் 20-க்கும் நடுவே 65 நாள்தான். அதே ஆள், அதே அணுகுமுறை. எங்கள் வட்டத்தில் அதிகச் சூடு பறந்த கேள்வி இதுதான்.

என் கருத்து: பிரான்ஸ் கிளம்ப வேண்டிய நிலையில் இருந்த நாடு. இந்தோசீனாவை இழந்து, அல்ஜீரியாவில் மாட்டிக்கொண்டு, கௌரவமாக வெளியேற வழி தேடியது. நேரு அந்த வழியைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். சீனா அப்போதுதான் நிலைகொள்ளும் நாடு. ஒவ்வொரு மாதமும் சாலை போட்டுக்கொண்டிருந்தது. காலம் யார் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி காத்திருந்தார்.

கோவாவில் அவர் காத்திருந்து அலுத்து, 1961 டிசம்பரில் படையை அனுப்பினார். போர்ச்சுகல் பேசவே மறுத்த நாடு. ஆக, கத்தியை எடுக்கத் தெரியாதவர் என்றும் சொல்ல முடியாது. கோவாவின் சுலப வெற்றி மேனனுக்கும் சில தளபதிகளுக்கும் வீண் தைரியத்தைக் கொடுத்திருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இலங்கைத் தமிழர் விஷயத்தில்?

டெல்லியில் எழுதும் பட்டியல்களில் இது இருக்காது, நம் பட்டியலில் இருக்க வேண்டும். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் அந்த மண்ணின் மக்கள், விரும்பிக் கேட்பவர்களைத் தவிர மற்றவர்களை இந்தியா ஏற்காது என்று நேரு கடைசிவரை நின்றார். கொள்கை சரி. 1954-ல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு ஒப்பந்தமும் போட்டார், ஒன்றும் நகரவில்லை. அவர் இறந்து ஐந்தே மாதத்தில் சாஸ்திரி 5,25,000 பேரை ஏற்கச் சம்மதித்தார். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறியவர்களை யாரும் கேட்கவில்லை.

காஷ்மீரை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது?

1948 ஜனவரி 1 முறையீடு. அவசரம் என்றே நினைக்கிறேன். ஆனால் பாகிஸ்தானோடு போட்ட 1960 சிந்து நதி ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வையுங்கள். அடுத்தடுத்த போர்களிலும் அது பல பத்தாண்டுகள் நின்றது.

விலை கொடுத்தது யார் என்று கேட்டீர்களே, யார்?

படைவீரர்கள், முதலில். கைவிடப்பட்டோம் என்று நினைத்த அசாம் மக்கள், அடுத்து. மூன்றாவது ஒரு கூட்டம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை, குழந்தை குட்டியோடு, ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளியே வர ஐந்து வருடம் ஆனது. அரசியல் சட்டத்தைப் போற்றிய பிரதமர் ஆட்சியில் நடந்தது இது. எல்லைத் தோல்வி வீட்டுக்குள் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்குள்ளும் வேறு விதத்தில் வந்தது. போர் மூண்டதும் அண்ணா தனிநாட்டுக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். 1963-ல் பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் 16-ஆவது திருத்தம் வந்தது, திமுக கோரிக்கையைக் கைவிட்டது.

தோல்விக்குப் பிறகு அவரை யார் கேள்வி கேட்டார்கள்?

எல்லாரும். போர் நடக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டுங்கள் என்று இளம் வாஜ்பாய் கேட்டார். நவம்பர் 8-ல் கூட்டினார். 1963-ல் இடைத்தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர்களான கிருபளானியும் லோகியாவும் மசானியும் ஜெயித்து வந்தார்கள். ஆகஸ்டில் கிருபளானி மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. நேரு உட்கார்ந்து வசவைக் கேட்டார், பதில் சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போகும் காமராசர் திட்டமும் அதே ஆண்டில்தான், முதலமைச்சரான காமராசரே பதவியை விட்டார்.

மூன்றாவது கேள்வியில் அவர் தேறுவது இங்கே. முழு மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் தோல்வியை விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ்–பகத் அறிக்கையை அவர் வெளியிடவில்லை. அவருக்குப் பின் வந்த எந்தக் கட்சியும் வெளியிடவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கேட்பார்கள், நாற்காலிக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள்.

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனோடு ஒப்பிடுவது நியாயமா?

கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்பது. 1964 குடிமை உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று உள்நாட்டில் மலை போல் செய்தார். வியட்நாமில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் அதைவிடப் பல மடங்கு வியட்நாமியரும் செத்த போரைப் பெரிதாக்கினார். 1968 மார்ச் 31-ல் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டுப் போனார். 1964-லேயே இந்தப் போரில் ஜெயிக்க முடியுமா என்று அவர் தொலைபேசியில் புலம்பிய ஒலிப்பதிவு இருக்கிறது. சந்தேகம் இருந்தும் படையைக் கூட்டினார். அந்த ஒரு காரணத்துக்காக நேருவை விட ஜான்சனை நான் கடுமையாக எடைபோடுவேன்.

ராஜீவ் காந்தி?

வாக்குரிமை வயது 18 ஆனது, பஞ்சாயத்து அதிகார மசோதா (அது 1989-ல் மாநிலங்களவையில் தோற்று, பிறகு 73-ஆவது திருத்தமாக வந்தது) – இவை அவர் கணக்கில் வரவு. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தமும் அங்கே அனுப்பிய அமைதிப்படையும் செலவு. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அந்தப் படை நடத்திய கொலைகளை அங்குள்ள குடும்பங்கள் மறக்கவில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஒப்பந்தத்தின் எந்தத் தரப்பும் நன்றி சொல்லவில்லை. அவரைக் கொன்றது அரசியல் எடைபோடல் ஆகாது என்பதால், அந்த முடிவை வைத்து அவரைப் புனிதராக்கவும் மாட்டேன், தகுந்தது கிடைத்தது என்ற பேச்சுக்கும் காது கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, பேச்சுப் போட்டிக்கு எந்தப் பக்கம் எடுத்தால் ஜெயிக்கலாம்?

இது ஒரு அம்மா மகளுக்காகக் கேட்டது. "சாதனையே மிஞ்சும்" பக்கம் சுலபம், கைதட்டல் உறுதி. ஆனால் எதிரணி தேவ்லியையும் மலையகத்தையும் எடுத்தால் தடுக்கப் பதில் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "தோல்வியே மிஞ்சும்" பக்கம் எடுத்தால், பேச்சு எந்த ஊரில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி மேடையில் கீழூரைத் தொடாமல் பேசினால் நடுவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.